அம்மா வழி வந்த எழுத்து

திருப்பதி
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கன்னிகா எழுதுவது. நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. பிரமிளா அண்ணிக்குப் போன் போட்டால், "அவருகிட்ட உம் பேர எடுத்தாலே எழுந்து போய்க்கினு இருக்காரு கன்னிகா, நான் இன்னா பண்றது?" என்கிறாள். அதனால்தான் கடிதம். குடிபாலா வீட்டுக்குப் போட்டால் அம்மா கையில் கிடைக்கும் என்று சித்தூர் பிரஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நான் அனுப்பிய விணப்பத்தை நீ அடித்து, ஸ்பைரல் போட்டு, பஸ் பார்சலில் அனுப்பிவிட்டாய். முப்பத்திரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தன. ஆனால் வழக்கமாக உள்ளே ஒரு துண்டுத் தாளில் ஏதாவது கிண்டலாக எழுதி வைப்பாயே, அது இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நாலாம் பக்கத்தில் இருப்பது நீதான். ஒன்பது வயதில் காது போன பையன் என்று எழுதி, உன் பள்ளிக்கூடப் போட்டோவையும் வைத்தேன். கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை போட்டேன். பெயர் போடவில்லை. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

என் நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும். என் வழிகாட்டி வேணு சாரின் ப்ராஜெக்ட் மார்ச்சோடு முடிந்தது. அதிலிருந்துதான் எனக்கு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. பிஎச்டி பாதியில் நிற்கிறது. இப்போது ஒரு தனியார் காலேஜில் வாரம் நான்கு நாள் பாடம் எடுத்துவிட்டு, மீதி நேரம் ஆய்வகத்துக்கு ஓடுகிறேன். தில்லியிலிருந்து கொடுக்கும் இந்த மூன்று வருட உதவித்தொகை கிடைத்தால்தான் வேலை முடியும். 19ஆம் தேதி ஹைதராபாத்தில் நேர்முகத் தேர்வு. இது போனால் ஆய்வகத்தில் என் மேசை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

கோபத்தையாவது எழுது.

கன்னிகா

*

சித்தூர்
9.8.2024

கன்னிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. 'விண்ணப்பம்' என்பதில் ஒரு 'ண்' விட்டிருக்கிறாய். பிழை திருத்துவது என் தொழில். மன்னிப்பது என் தொழில் இல்லை.

கண்ணுக்குப் பட்டை போட்டதாகச் சொல்கிறாய். என் கண்ணுக்கு என்ன குறை? அது நன்றாகத்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் மெஷினில் வரும்போது முதலில் பார்த்தவன் நான்தான். அடுத்துப் பார்த்தவர் ஹரிபாபு சார். முதலாளி என்ற முறையில் எல்லாவற்றையும் ஒரு முறை புரட்டுவார். புரட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் தட்டிவிட்டுப் போனார். பதினான்கு வருடமாக இந்த பிரஸ்ஸில் நான் தமிழ்ப் பத்திரிகை அடிக்கிறவன். அன்றைக்கு மட்டும் நோயாளி.

அது என் பாடு. அம்மா விஷயம் வேறு. பிரமிளா அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துச் சொல்லிவிட்டாள். 'தாயிடமிருந்து வந்த மாற்றம்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நிமோனியா வந்து ஏழு நாள் ஊசி போட்ட டாக்டரை அம்மா இருபத்து நான்கு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். நைனா அந்த கிளினிக் கண்ணாடியை உடைத்து போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தார். சாகும்வரை அந்த ஊசியையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இப்போது திட்டுவதில்லை. அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், "என் ரத்தம்தாண்டா உன் காதத் துன்னுடுச்சி" என்கிறாள். அவள் உதட்டில் இந்த வார்த்தையை நான் படிக்க வேண்டியதாயிற்று.

ஒரு கல்யாணப் பத்திரிகையில் எழுத்து தப்பிப் போனால், நாங்கள் மன்னிப்புக் கேட்டு இன்னொரு தடவை அடித்துக் கொடுக்கிறோம். அம்மாவை யார் இன்னொரு தடவை அடித்துக் கொடுப்பது?

எங்களை அதிலிருந்து எடுத்துவிடு.

கோகுலகிருஷ்ணன்

*

திருப்பதி
12 ஆகஸ்ட் 2024

அண்ணா,

போட்டோவை எடுத்துவிட்டேன். நாலாம் பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டேன். வேணு சாரிடம், "என் அண்ணனைக் கேட்காமல் போட்டுவிட்டேன் சார்" என்று சொன்னேன். "தப்பு பண்ணிட்டம்மா. அந்தப் பக்கம்தான் உன் பலம். ஆனா எடுத்துடு" என்றார்.

கேட்டிருக்க வேண்டும். பயந்துகொண்டு கேட்கவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஆனால் இந்த வேலையை விடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கிழித்துப் போடாமல் படி.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிப்பது அவைதாம். அவற்றுக்கென்று தனியாகச் சின்ன டிஎன்ஏ உண்டு, பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். அது அப்பாவிடமிருந்து வராது, அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். நம் வீட்டில் அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதிலும் காது கேட்கிறது, பார். ஆனால் ஒரு வகை ஊசி மருந்து இருக்கிறது. கிருமிக்குள் புரதம் உண்டாகும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கொல்லும் மருந்து. நம் எழுத்து மாறியிருப்பதும் அதே மாதிரி இடத்தில்தான். அதனால் அந்த மருந்துக்கு நம் காதின் செல்லும் கிருமி மாதிரியே தெரிகிறது. ஊசி இல்லாமல் எழுத்து மட்டும் உன் காதை எடுத்திருக்காது. எழுத்து இல்லாதவனுக்கு அந்த ஏழு நாள் ஊசியால் இப்படி ஆவதும் அபூர்வம். டாக்டருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு என் ரத்தத்திலேயே பார்த்துவிட்டேன். எனக்கும் இருக்கிறது. எனக்கு இதுவரை அந்த ஊசி போட வேண்டி வரவில்லை, அதனால் உன் மாதிரி ஆகவில்லை.

இன்னொன்று. ஆண்கள் வழியாக இது இறங்காது. உன் பெண் யாமினிக்கு உன்னிடமிருந்து வந்திருக்காது. அண்ணியிடம் சொல்.

கன்னிகா

*

சித்தூர்
20.8.2024

கன்னிகாவுக்கு,

இரண்டு வருடமாகத் தெரியும் என்கிறாய். இந்த இரண்டு வருடத்தில் இரண்டு பொங்கல், நைனா திதி, யாமினி காதுகுத்து என்று எத்தனை தடவை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாய்? தில்லிக்காரர்களுக்குச் சொல்லத் தோன்றியது, எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். பிறகு பிரமிளாவிடம் நீட்டினேன். அவள் அழுதாள். யாமினிக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் அவள் முதுகுப் பக்கம் நின்று கை தட்டிப் பார்ப்பாளாம். ஆறு வருடமாக. எனக்குத் தெரியாமல்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் இவனுக்குக் குடுத்தேன். சரி. எனக்கு யாரு குடுத்தது?"

காஞ்சனா சித்தி புத்தலப்பட்டிலிருந்து வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். அவள் மகள் கௌசிகாவுக்கு இது ஆறாம் மாதம். மாமியார் வீட்டில் இந்தப் பேச்சு போனால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். அவள் வீட்டுப் பக்கம் போகாதே.

கோகுல்

*

திருப்பதி
25 ஆகஸ்ட் 2024

அண்ணா,

முதலில் அம்மாவுக்குப் பதில். அவளுக்குக் கொடுத்தது அவள் அம்மா. அவளுக்கு அவள் அம்மா. எத்தனை தலைமுறைக்கு முன் யாரிடம் அந்த எழுத்து மாறியது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டு வாங்கவில்லை, நினைத்துக் கொடுக்கவும் இல்லை. கண்ணும் மூக்கும் வந்த மாதிரி வந்தது. அம்மாவிடம் இதை நீயே சொல். நான் சொன்னால் படிப்புக்காரி சமாதானம் சொல்கிறாள் என்று நினைப்பாள்.

நீ கேட்ட இரண்டு வருடத்துக்கு வருகிறேன். முதல் தடவை அந்த ரிசல்ட்டைப் பார்த்த அன்று மத்தியானம் குடிபாலா பஸ் ஏறினேன். புத்தலப்பட்டில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

நேர்முகத் தேர்வு முடிந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. பிறகு ஒரு அம்மையார் கேட்டார், "தாய்வழிக் குடும்பங்களில் ஆராய்ச்சி என்கிறீர்கள். எத்தனை பேர் சம்மதித்திருக்கிறார்கள்?" "ஒருவர்" என்றேன். "யார்?" "நான்தான் மேடம்." ஒருவர் சிரித்துவிட்டார். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. உன் பக்கத்தை வைத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். எடுத்ததில் வருத்தமில்லை.

முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நவம்பர் 30க்குள் ஒரே தாய்வழியில் பதினைந்து பேராவது எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தரவேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

நான் உங்களைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. சொந்தக்காரர்களிடம் நானே போய்ச் சம்மதம் வாங்கக் கூடாது என்பது எங்கள் நெறிமுறைக் குழுவின் சட்டம். நல்ல சட்டம். வேறு குடும்பம் தேடப் போகிறேன்.

கன்னிகா

*

திருப்பதி
29 செப்டம்பர் 2024

அண்ணா,

ஒரு மாதம் பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

காலேஜ் இல்லாத நாளெல்லாம் பஸ்ஸில்தான் இருக்கிறேன். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று காது கேளாத பிள்ளைகள் உள்ள வீடுகளாகப் பார்த்துப் போகிறேன். சூளூர்பேட்டை வரை போய்விட்டேன். நகரியில் ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, எல்லாம் கேட்டார்கள். 'தாய்வழி' என்ற வார்த்தை வந்ததும் அந்த வீட்டு மருமகள் எழுந்து உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. அவள் மாமியார், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றாள். நான் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டு, ஊசியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ அம்மாவைப் பற்றி எழுதியது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மூன்று குடும்பங்களில் ஐந்து பேர் சம்மதித்தார்கள். பரிசோதித்ததில் யாருக்கும் அந்த எழுத்து இல்லை. அவர்கள் காது போனதற்கு வேறு காரணம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது ஆராய்ச்சி இல்லை. அந்த வகை ஊசிகளின் பெயர்கள் நான்கு. கௌசிகாவுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இவற்றைப் போடக் கூடாது, வேறு மருந்துகள் இருக்கின்றன, அவ்வளவுதான் அதில் உள்ளது. பிறந்த குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால் வழக்கமாக முதலில் எடுப்பதே இந்த ஊசியைத்தான். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். எப்படியாவது அவளிடம் சேர்த்துவிடு.

கன்னிகா

*

சித்தூர்
7.10.2024

கன்னிகாவுக்கு,

தாளைச் சித்தியிடம் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே கிழித்தாள்.

எப்படியும் அதைத் திருத்த வேண்டியிருந்தது. தமிழில் 'கானமைசின்' என்று எழுதி, கீழே தெலுங்கில் வேறு மாதிரி எழுதியிருக்கிறாய். மருந்துக் கடைக்காரன் எதை நம்புவான்? சரியான ஸ்பெல்லிங் பார்த்து, தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் விசிட்டிங் கார்டு அளவில் அடித்தேன். மேலே சிவப்பில், 'இந்த ஊசிகள் போடக் கூடாது. தாய்வழியில் காது கேளாமை உண்டு.' லேமினேஷன் போட்டிருக்கிறேன். நனையாது, சுலபத்தில் கிழிக்கவும் முடியாது.

ஹரிபாபு சார் எதற்கு என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். "சாலா மஞ்சி பனி" என்று எழுதிக் கொடுத்தார். நல்ல வேலையாம்.

ஒன்று என் பர்ஸில், ஒன்று அம்மாவிடம். உனக்கு இரண்டு வைத்திருக்கிறேன். நீயும் வைத்துக்கொள். உனக்கும் இருக்கிறதல்லவா.

கோகுல்

*

சித்தூர்
27.10.2024

கன்னிகா,

கௌசிகாவுக்கு எட்டாம் மாதமே வலி வந்து திங்கட்கிழமை சித்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை. புதன்கிழமை காலை அம்மாவும் பிரமிளாவும் நானும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். குழந்தை பால் குடிக்கவில்லை. மூச்சு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொற்று என்று டாக்டர் சொன்னாராம்.

நர்ஸ் ஒரு தட்டில் சிரிஞ்சும் இரண்டு சின்ன பாட்டிலும் கொண்டுவந்தாள். எழுத்து என் கண்ணில் படாமல் போகாது என்று உனக்குத் தெரியும். இரண்டாவது பாட்டிலின் லேபிளில் இருந்தது கார்டில் மூன்றாவது வரி.

அவள் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்திருக்கக் கூடாது. ஆனால் பிடித்துவிட்டேன். அவள் வாய் பெரிதாகத் திறந்தது. கத்தியிருப்பாள். செக்யூரிட்டி வந்து என் சட்டையைப் பிடித்தான். தெலுங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் உதடு படிக்க எனக்கு வராது. நான் வாயைத் திறந்தால் என்ன சத்தம் வருமோ அது வந்திருக்கும். பயந்துபோய் எல்லாரும் ஒதுங்கினார்கள். பர்ஸை எடுத்துக் கார்டை நீட்டினேன்.

டூட்டி டாக்டர் வந்தாள், சின்ன வயசுப் பெண். கார்டைப் படித்தாள். சித்தியிடம் ஏதோ கேட்டாள். இப்படி உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். சித்தி பக்கத்தில் நின்ற கௌசிகா மாமியாரைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினாள். "அதெல்லாம் எங்க வீட்ல ஒண்ணும் இல்ல."

டாக்டர் கார்டைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

அப்போது அம்மா கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அம்மாவின் உதடு எனக்குப் பாடம். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"இருக்குதும்மா. எங்க அம்மா வழியில வர்றது. எனக்கு இருக்குது, என் தங்கச்சி இவளுக்கு இருக்குது, அந்தப் பச்சப் புள்ளைக்கும் இருக்குது. இதோ நிக்குறானே, என் புள்ள. ஒம்போது வயசுல இதே ஊசி. அன்னிக்கு எங்களுக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சிக்கினு நான் வாயை மூடிக்கினு நின்னா, அது என் பாவம்."

பிறகு அதையே தெலுங்கில் சொன்னாளாம். பிரமிளா பின்னால் எழுதிக் காட்டினாள்.

டாக்டர் போனை எடுத்துப் பெரிய டாக்டரிடம் பேசினாள். அந்தப் பாட்டிலைத் தட்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். வேறு மருந்து எழுதினாள். என்னைப் பார்த்து மெதுவாக, உதடு தெரியும்படி, "தேங்க்ஸ்" என்றாள். நர்ஸிடம் நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

சித்தி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் குழந்தையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "அந்தக் கார்டு இன்னொண்ணு இருக்குதா?" என்று கேட்டாள்.

மருந்து மாற்றி இன்றைக்கு ஐந்தாவது நாள். குழந்தை பால் குடிக்கிறது. இன்னும் வீட்டுக்கு விடவில்லை.

போனில் உன்னைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதத்தான் தோன்றியது.

அண்ணன்

*

திருப்பதி
30 அக்டோபர் 2024

அண்ணா,

ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். பக்கத்து மேசைப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வேணு சாரிடம் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தைக்குக் காது பரிசோதனை செய்யச் சொல். வலிக்காது. தூங்கும்போதே செய்துவிடுவார்கள்.

நவம்பர் 30 பற்றி நீ இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் எழுதப் போவதில்லை. அந்தக் கார்டு உங்கள் சம்மதத்துக்கு விலை இல்லை. அது உங்களுக்குச் சேர வேண்டியது. இரண்டு வருடம் தாமதமாகக் கொடுத்தேன். உதவித்தொகை கிடைக்காவிட்டால் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே எட்டு வருடம் ஆனாலும் முடிப்பேன். இது உனக்காகச் சொல்லும் சமாதானம் இல்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மா சாப்பிடுகிறாளா?

கன்னிகா

*

குடிபாலா
25.11.2024

கன்னிகா,

சாப்பிடுகிறாள். மிரட்டவும் செய்கிறாள்.

உன்னைக் கேட்காமல் அம்மா உன் டிபார்ட்மென்ட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். நீ இல்லாத நேரமாகப் பார்த்து. அவர்கள் சுந்தரி என்ற மரபணு ஆலோசகரை அனுப்பினார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் நம் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டாயிற்று. அம்மா தன் பக்கத்து உறவை எல்லாம் வரவழைத்துவிட்டாள். பெரியம்மா வழி, சித்தி வழி, அம்மாவின் பெரியம்மா பெண்கள், அவர்கள் பிள்ளைகள். எழிலரசன் மாமாவும் வந்தார். ஆண்கள் வழியாக இறங்காது என்றாலும் அவர் உடம்பிலும் இருக்குமல்லவா. அந்த ஊசி அவரையும் விடாது.

சுந்தரி மேடம் ஒவ்வொருவருக்கும் படிவத்தை முழுக்கப் படித்துக் காட்டினார். "இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடலாம், யாரும் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க" என்றார். இரண்டு பேர் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அம்மா அவர்களுக்கும் சோறு போட்டுக் கார்டு கொடுத்துத்தான் அனுப்பினாள்.

காஞ்சனா சித்தி கடைசி வரை வாசலிலேயே நின்றாள். கௌசிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியாரோடு ஆட்டோவில் வந்து இறங்கி, "நான் போடறேம்மா கையெழுத்து, நீ போடலன்னா பரவால்ல" என்றாள். பிறகுதான் சித்தி உள்ளே வந்தாள்.

பதினெட்டு பேர். அதில் ஒன்று என் கையெழுத்து.

படிவத்தில் ஒரு இடத்தில் 'புகைப்படம் பயன்படுத்தச் சம்மதமா' என்று இருக்கிறது. இல்லை என்று போட்டிருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஆம்.

அண்ணன்

*

திருப்பதி
18 ஜனவரி 2025

அண்ணா,

நேற்று மாலை தில்லியிலிருந்து மெயில் வந்தது. கிடைத்துவிட்டது. மூன்று வருடம் கேட்டேன். முதலில் இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்கள். வேலையைப் பார்த்து மூன்றாவது வருடமாம். போதும். காலேஜுக்கு ராஜினாமா கொடுத்துவிட்டேன். இன்று காலையிலிருந்து மேசை என்னுடையது.

பரிசோதனை முடிவுகளைச் சுந்தரி மேடம்தான் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்வார். நான் சொல்லக் கூடாது. நமக்கும் அம்மாவுக்கும் மட்டும் முன்பே தெரியும்.

ஒரு குடும்பத்தோடு ஆராய்ச்சி நிற்காது. இதே எழுத்து உள்ள வேறு குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒரே எழுத்து இருந்தும் சிலருக்கு ஊசி இல்லாமலே வயதானபின் காது மந்தமாகிறது, சிலருக்கு ஆவதில்லை. அது ஏன் என்பதுதான் என் கேள்வி. ஒரு குடும்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. திரும்பவும் பஸ் ஏறப் போகிறேன்.

கௌசிகா போன் செய்தாள். குழந்தையின் காது பரிசோதனையில் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதாம். ஒரு மணி நேரம் பேசினாள். பெயர் வைக்கக் கூப்பிட்டிருக்கிறாள்.

கன்னிகா

*

சித்தூர்
23.1.2025

கன்னிகா,

உன் கடிதத்தை ஹரிபாபு சாரிடம் காட்டினேன். பிரஸ்ஸில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

பஸ் ஏறும் முன் இதைப் படி.

நேற்று மத்தியானம் ஒரு பெண் பிரஸ் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் நம் கார்டு, ஓரம் மடங்கிப் போய். சித்தூர் ஆஸ்பத்திரியில் கௌசிகாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் அண்ணியாம். கார்டின் பின்னால் அடித்த பிரஸ் விலாசத்தைப் பார்த்து சத்தியவேட்டிலிருந்து வந்திருக்கிறாள். கூட இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குக் கேட்காது. எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சோதனைக்கு அடிக்கும் டம்மி பேப்பர் ஒன்றில் அவள் பெயரைத் தமிழில் அடித்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியாது. அதனால் குடிபாலாவுக்கு அழைத்துப் போய் அம்மாவிடம் விட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவள் தம்பிக்கும் காது போயிருக்கிறது. அவள் பெரியம்மா மகனுக்கும். மூன்று பேருக்குமே பெரிய காய்ச்சல் ஒன்று வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு. நமக்கு எந்த வழியிலும் சொந்தம் இல்லை. அம்மா தோண்டித் துருவிக் கேட்டுவிட்டாள்.

புருசன் வீட்டில் இவளைத்தான் குறை சொல்கிறார்களாம். அம்மா அவளிடம், "குறைன்னு சொல்ற வாய்க்கு அந்த ஊசி பேரைச் சொல்லிக் குடு. அதுக்குத்தான் என் பொண்ணு படிக்கிறா" என்று சொன்னாள்.

திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் அவர்களைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். வந்தவுடன் ரத்தம், படிவம் என்று ஆரம்பிக்காதே. அவள் பயந்திருக்கிறாள். முதலில் உட்காரச் சொல். டீ வாங்கிக் கொடு. பிள்ளைகளுக்கு ஏதாவது துன்னக் கொடு. நீ யார், உனக்கும் அது இருக்கிறது என்று சொல்.

பிறகு கேள்.

அண்ணன்